அட்டை வெட்டினால் கணக்கு வராதா?

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் மேல் ஏகப்பட்ட புகார். "பாடத்தை நடத்தாம அட்டையை வெட்டச் சொல்றாங்க, உடைஞ்ச வளையல் கொண்டு வரச் சொல்றாங்க, கொடிக்கம்பத்து நிழலை அளக்கச் சொல்றாங்க. போர்ஷனை எப்ப முடிப்பாங்க?" என்று கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போன்ற அம்மாக்கள்தான். என் மகளும் அதே வகுப்புதான். ஆனாலும் நான் டீச்சர் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள் சகோதரிகளே.

பொதுத்தேர்வில் வடிவியல் படம் வரைய 8 மார்க். அடிப்பக்கம், அதற்கு எதிரே இருக்கும் உச்சிக்கோணம், உயரம் மூன்றையும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வது அதில் ஒரு வகை. பிள்ளைகள் இதைப் படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கோடு போடு, கீழ்ப்பக்கம் கோணம் போடு, செங்குத்து போடு, வட்டம் போடு என்று ஸ்டெப் ஸ்டெப்பாக மனப்பாடம். "முக்கோணம் கேட்டா வட்டம் எதுக்குடி வருது?" என்று மகளைக் கேட்டேன். "அதெல்லாம் கேக்காதம்மா, அப்படித்தான் போடணும்" என்றாள்.

டீச்சர் செய்தது இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 40 டிகிரி கோணம் வெட்டச் சொன்னார். பலகையில் 5 செ.மீ. தள்ளி இரண்டு குண்டூசி. அட்டையின் இரண்டு ஓரமும் இரண்டு ஊசியையும் தொட்டபடியே அட்டையை நகர்த்தி, முனை நிற்கிற இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு புள்ளி வைத்ததும் வில் மாதிரி வளைந்து நின்றதாம். வட்டம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உயரத்துக்காகப் போடும் கோடு அந்த வில்லை இரண்டு இடத்தில் வெட்டும். எதை எடுத்தாலும் விடை சரி. உயரம் 8 செ.மீ. என்றால் கோடு வில்லைத் தொடவே தொடாது, அப்படி ஒரு முக்கோணமே கிடையாது! இதை எந்த நோட்ஸும் அவளுக்குச் சொல்லவில்லை. அட்டை 90 டிகிரியாக இருந்தால் சரியாக அரைவட்டம் வரும். வீட்டில் நானே செய்து பார்த்தேன்.

உடைந்த வளையலும் அப்படித்தான். துண்டைத் தாளில் வைத்து வரைந்து, அந்த வளைவில் இரண்டு நாண் போட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் செங்குத்தாக வெட்டினால், இரண்டு கோடும் சேரும் இடம்தான் வளையலின் மையம். முழு வளையல் என்ன அளவென்று கண்டுபிடித்து விடலாம். கொத்தனார்கள் வீட்டுக்கு மூலை பார்க்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதுதான் பிதாகரஸ் தேற்றம். அதைக் கயிறு பிடித்து மைதானத்தில் செய்து பார்த்த பிள்ளைக்கு அந்தத் தேற்றம் மறக்குமா?

இது ஒன்றும் புது நாகரிகமும் இல்லை. காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்க 1893-லேயே சென்னையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் அச்சானது. எழுதியவர் சுந்தர ராவ். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். நம் ஊரில் உதித்த யோசனைக்கு நம் பிள்ளைகளின் வகுப்பில் இடமில்லை என்றால் எப்படி?

ஒன்றை மட்டும் நானும் எதிர்க்கிறேன். தெர்மாகோல் வாங்கி, அப்பாவும் அம்மாவும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஒட்டி, காலையில் பிள்ளை சுமந்து போகிறதே, அது 'ஆக்டிவிட்டி' இல்லை. ஸ்டேஷனரி கடைக்காரருக்குத்தான் லாபம். பிள்ளையின் கை படாத எதுவும் பிள்ளைக்குப் புரியாது.

அளந்து பார்ப்பதோடு விட்டாலும் போதாதுதான். ஒருத்திக்கு 89 வரும், பக்கத்தில் இருப்பவளுக்கு 91 வரும். சரியாக 90 தான் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி பிள்ளை வாயிலிருந்து வந்த பிறகு டீச்சர் கரும்பலகையில் நிரூபணம் எழுதினால், அதைக் காதில் வாங்குவாள். கேள்வியே எழாமல் எழுதினால் காப்பி அடிப்பாள், அவ்வளவுதான்.

போர்ஷன் கவலை நியாயமானது, இல்லையென்று சொல்லவில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் சத்தமும் வரும். ஆனால் அந்த டீச்சர் கேட்பது வாரத்தில் ஒரே ஒரு பீரியட். செலவு ஒரு பாக்கெட் குண்டூசி, கொஞ்சம் நூல், பழைய அட்டை. அறிவியலுக்கு லேப் இருக்கிறது, யாரும் புகார் சொல்வதில்லை. கணக்குக்கு மட்டும் ஏன் கூடாது?

இதில் நம் பெண் பிள்ளைகளின் விஷயமும் இருக்கிறது. பத்தாவதில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு மார்க் குறைந்தால், "இவளுக்குக் கணக்கு வராது, வேற குரூப்ல சேர்த்துடலாம்" என்று வீட்டில் ஒரே நிமிடத்தில் முடிவாகி விடுகிறது. பையன் என்றால் டியூஷன் வைத்துப் பார்க்கிறோம். அப்புறம் இன்ஜினீயரிங் படிக்க நினைத்தாலும் அந்தப் பெண்ணுக்கு வழி அடைபட்டுப் போகிறது. பதினைந்து வயதில் கணக்கு வராது என்று முத்திரை குத்துவதற்கு முன், அவளுக்கு யாராவது அதைக் கையால் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்களா என்று அம்மாக்கள் நாம் கேட்க வேண்டாமா? தலைமையாசிரியரிடம் அந்த ஒரு பீரியடை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை நாலு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்