கணக்கேட்டிலும் தேவமகிமை

கடவுளை மகிமைப்படுத்துவதே மனிதப் பிறவியின் பிரயோஜனம் என்று கிறிஸ்தவர்களாகிய நாம் ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலந்தொட்டுச் சொல்லி வருகிறோம். ஆயினும், அந்த மகிமை எங்கே, எந்த வேளையில், எந்தக் காரியத்தில் விளங்கவேண்டும் என்று ஒருவர் கேட்பாராயின், நம்மில் பெரும்பாலோருடைய நினைவு ஆலயத்தையும் பாடற்குழுவையும் கன்வென்ஷன் பந்தலையும் உபவாச ஜெபத்தையும் நாடிச் செல்கிறதேயன்றி, வீட்டு அடுப்பங்கரையையோ, அலுவலக மேஜையையோ, கடைத்தெருவையோ நாடிச் செல்வதில்லை. ஆராதனையைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று; அது ஆத்துமாவின் ஆகாரம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் பாடித் துதித்துவிட்டால் எஞ்சிய ஆறு நாட்களின் கடனும் தீர்ந்துபோயிற்று என்று எண்ணும் மனோபாவமே நம்முடைய சமுதாய ஜீவியத்தை உள்ளுக்குள் அரித்து வருகிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

எதைச் செய்தாலும் கடவுளின் மகிமைக்கென்று செய்யும்படி பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்குப் புத்தி சொன்னது, ஏதோ ஒரு பெருவிழாவை முன்னிட்டு அன்று. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி கடைகளில் விற்கப்படுகிறதே, அதை வாங்கிப் புசிக்கலாமா, பிறர் வீட்டு விருந்தில் பரிமாறப்பட்டால் என்ன செய்வது என்று சபையார் பிணங்கிக்கொண்டிருந்த சமயத்தில், உண்பதையும் குடிப்பதையும் எடுத்துக்காட்டித்தான் அவர் அந்த வார்த்தையை எழுதினார். அதே கொரிந்து பட்டணத்தில் அவர் கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்து பிழைத்தவர் என்பதையும், அவர் பிரசங்கித்த இயேசு நாசரேத்தூர் மக்களிடையே தச்சர் என்றே அறியப்பட்டிருந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தால், உழைக்கும் கைகளை விட்டு மகிமையைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு வேதத்திலிருந்து வந்ததல்ல என்பது தெளிவாகும்.

நம் நாட்டுக் கிறிஸ்தவர்களிலேயே இதை உத்தியோகத்தில் இருந்துகொண்டு நடத்திக் காட்டியவர்கள் உண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவர் என்ற அளவிலேயே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். கத்தோலிக்கரான அவர், கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைத் தம் நீதிநூலில் கடுமையாய்க் கண்டித்துவிட்டு, அந்த அதிகாரிகளுக்கு நடுவிலேயே அமர்ந்து நியாயம் வழங்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தவர்களுக்குச் செலவிட்டார். ஆலயத்தில் முழங்காலிடும் அதே பக்தியோடு நீதி ஸ்தலத்திலும் உட்காரலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அவரினும் என் மனத்தைக் கவர்பவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் தணிக்கைத் தொழில் கற்று, அமெரிக்காவில் பொது நிதி இயலைப் பயின்று, பம்பாயில் வருமானத்துக்குக் குறைவில்லாத தொழில் நடத்தி வந்த அவர், 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அதையெல்லாம் விட்டு, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகக் குடியானவர்களின் வரவையும் செலவையும் கடனையும் விசாரித்து எழுதும் பணியில் இறங்கினார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் சிதைத்தபொழுது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊர் ஊராய் மக்கள் ஈந்த காசு அது. அதில் ஒரு பைசாவும் கஷ்டப்படுவோருக்கன்றி வேறு எதற்கும் போகக்கூடாது என்பதில் அவர் கொண்ட கண்டிப்பு எத்தகையது எனில், ஊழியர்களுக்கு விதித்த சிக்கன விதியைத் தளர்த்தி காந்தியடிகளின் பரிவாரச் செலவை அந்த நிதியில் எழுத அவர் மறுத்துவிட்டார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினோர் கூறுகின்றனர். தாம் குருவாய்க் கொண்டவரின் முன்னிலையிலும் கணக்கேட்டைப் பரிசுத்தமாய்க் காத்த அந்த மனிதர்தாம், பிற்பாடு சிறையிலிருந்தபடி இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலைப் படிக்கும்போது, அதை எழுதிய கை பற்றுவரவை எழுதிப் பழகிய கை என்பதை நான் மறப்பதில்லை. இரண்டும் அவருக்கு ஒரே ஊழியமாகத்தான் இருந்திருக்கும்.

படித்தவர்களும் பதவியிலிருப்பவர்களும் மட்டுமே இப்படி வாழ இயலும் என்று யாரும் சொல்லவேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. உலை கொதிக்கும் நேரத்தில் அன்றைக்கு வேண்டிய அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல்லும் நெல்லும் பொறுக்கியபின், களைவதற்கு முன்பாக அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இதற்கென்றே வைத்திருக்கும் சிறு கலயத்தில் வீட்டுப் பெண் இடுவாள். கலயம் நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். வயிறார உண்ணும் வீட்டுக்கு அந்த ஒரு பிடி பெரிதன்று. கூலிக்குப் போய் மாலையில் அரிசி வாங்கி வந்த தாய்க்கோ, அது அவள் தன் பங்கிலிருந்தே குறைத்து எடுத்தது. அவள் எழுத்தறியாதவளாய் இருந்திருக்கலாம். மேடையேறிச் சாட்சி சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் தினந்தோறும் சமைக்கையில் கடவுளை நினைத்தாள். 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, அந்நியப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே அதை நடத்தத் துணிந்தார்கள் என்றால், இத்தகைய குடும்பங்கள் இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் துணிந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலையை நினைக்கும்போது துக்கம் மேலிடுகிறது. வீடு கிடைத்தது, விசா கிடைத்தது, பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பவையே சாட்சி நேரத்தில் மிகுதியாய்க் கேட்கப்படுகின்றன. பெற்றதற்கு நன்றி சொல்வது நன்றே. ஆனால் லஞ்சம் கேட்ட இடத்தில் கொடுக்க மறுத்து ஒரு காரியத்தை இழந்தேன் என்றோ, விற்ற நிலத்தின் மெய்யான விலையையே பத்திரத்தில் எழுதினேன் என்றோ எவரேனும் எழுந்து சாட்சி சொல்வதை எத்தனை ஆலயங்களில் கேட்கிறோம்? வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறவர் காணிக்கை உறையை மட்டும் தவறாமல் நிரப்புகிறார். கோடிக்கணக்கில் செலவிட்டு ஆலயத்தைப் புதுப்பிக்கும் சபையில், ஆலய வேலைகளைக் கவனிக்கும் ஊழியராகிய கோயில்குட்டியாரின் மாதச் சம்பளம் ஒரு குடும்பம் பிழைக்கப் போதாததாய் இருக்கிறது. திருமண்டலத் தேர்தல் வழக்குகளும் சொத்து வழக்குகளும் நீதிமன்றப் படியேறும் செய்தியைப் பிற சமயத்தார் பத்திரிகையில் படிக்கும்போது, நாம் ஞாயிறுதோறும் பாடும் மகிமையை அவர்கள் எப்படி நம்புவார்கள்? நம்மை ஆலயத்துக்குள் வந்து பார்க்கிறவர்கள் சிலரே. கடையிலும் வங்கியிலும் பள்ளி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் பார்க்கிறவர்கள் அநேகர்.

ஆகையால் சபைப் பெரியோர்களையும் நிர்வாகிகளையும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வோர் ஆலயமும் தன் ஆண்டு வரவு செலவை, தணிக்கை செய்த நிலையில், எவரும் படிக்கும்படி வாயிற்பலகையில் ஒட்டட்டும், கோயில்குட்டியாருக்கும் சபைப் பள்ளியின் கடைநிலை ஊழியருக்கும் நியாயமான சம்பளம் என்ன என்பது அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் விஷயமாக இருக்கட்டும். குடும்பத் தலைவர்களையும் தலைவிகளையும் கேட்டுக்கொள்வது இன்னும் சிறியது. இந்த ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படுமுன், உங்கள் வீட்டில் உழைக்கிறவருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால், அதைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.