குழியைப் பெரிதாக்கும் கருணை

மண்டபத்துக் கடற்கரைத் தெருக்களில் கேரம் பலகைக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடைக்காலம் வந்துவிட்டால், திண்ணைகளில் காய் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பலகைகளின் மூலைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். உள்ளூரில் சொல்லிச் செய்த பலகைகள் பலவற்றில் குழி இருக்கவேண்டிய அளவைவிடப் பெரிது. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "உப்புக் காற்றில் பலகை ஊறிப்போய்க் காய் ஓடமாட்டேன் என்கிறது. ஆடுவதோ சின்னப் பிள்ளைகள். குழியாவது கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே!"

இந்தக் கருணையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

போட்டிப் பலகையில் குழியின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். காய் 3.18க்கு மேல் போகக்கூடாது, ஸ்ட்ரைக்கர் 4.13க்கு மேல் போகக்கூடாது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால், விதி வகுத்தவர்களின் புத்தி விளங்கும். காய் விழ இருபுறமும் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. ஸ்ட்ரைக்கருக்கோ ஒன்றரை மில்லிமீட்டர்தான். காய்க்குக் கதவு திறந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கருக்கு ஏறக்குறைய மூடியிருக்கிறது.

தச்சர் தாராள மனசோடு அதை இரண்டு அங்குலமாக அறுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் அங்குலம்தானே என்பீர்கள். காய்க்கு இருந்த இடைவெளி ஒன்றரை மடங்காகிறது; ஸ்ட்ரைக்கருக்கு இருந்தது மூன்று மடங்காகிறது. பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அவன் ஸ்ட்ரைக்கரையும் சேர்த்து விழுங்கும் வாயைத் திறந்து வைத்திருக்கிறோம். ஸ்ட்ரைக்கர் விழுந்தால், போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்கவேண்டும் அல்லவா? கொடுத்த கை பறித்தும் கொள்கிறது.

பெரிய குழியே பாவம் என்பதல்ல என் வாதம். பூல் மேஜையில் மூலைக் குழியின் வாய் பந்தைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சோதனை வேறு: ஒரு பந்தைப் போட்டபின் வெள்ளைப் பந்து அடுத்த அடிக்குத் தோதாக எங்கே போய் நிற்கிறது என்பது. 1882இல் நம் உதகைக் கிளப்பில் விதி எழுதப்பட்ட ஸ்னூக்கரிலோ வாய் குறுகல், ஓரங்களும் வளைவு. விளிம்பை உரசிக்கொண்டு வேகமாக வரும் பந்தை அந்த வளைவு வெளியே துப்பிவிடும். பூல் மேஜையில் தப்பிப் பிழைக்கும் அடி அங்கே பிழைக்காது. ஆட்டக்காரனிடம் எதைக் கேட்கவேண்டும் என்று ஒவ்வோர் ஆட்டமும் யோசித்துத்தான் குழியை வெட்டியிருக்கிறது. யோசிக்காமல் வெட்டுகிறவர்கள் நாம்தான்.

பலகை ஊறுவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நோய் பலகையின் முகத்தில், அறுவை மூலையிலா? முழு வலுவோடு அடித்தால் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் இக்கரைக்கும் அக்கரைக்குமாக மூன்றரைத் தடவை ஓடவேண்டும் என்பது விதி. அதற்கு வேண்டியது உலர்ந்த துணி, இளவெயில், போரிக் பவுடர், ஈரச் சுவரில் சாய்த்து வைக்காத கவனம். இவ்வளவுக்கும் சோம்பல்பட்டு ரம்பத்தை எடுப்பதற்குப் பெயர் கருணையா?

இதில் இழப்பது யார்? மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன். இளவழகி 2008இல். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல். மூவரும் சென்னைக்காரர்கள். கேரத்துக்குச் சர்வதேச சம்மேளனம் 1988இல் பிறந்ததும் அதே சென்னையில்தான். அங்கே வறுமைக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் வென்றது ஒன்றே முக்கால் அங்குலத்தில். மண்டபத்துப் பையன் ஒருவனுக்கு அதே விரல் வாய்த்திருக்கலாம். பத்து வருஷம் அகலக் குழியில் பழகிவிட்டு அவன் மாவட்டப் போட்டிக்குப் போனால், குழியின் உதட்டில் முட்டித் திரும்பும் ஒவ்வொரு காயும் அவனைப் பார்த்துச் சிரிக்கும். தனக்குத் திறமையில்லை என்று முடிவு கட்டி, அவன் ஊர் திரும்புவான். திறமை இருந்தது, அளவைத்தான் நாம் அவனுக்குச் சொல்லவில்லை.

பிறந்தநாளுக்குப் பிள்ளைக்குப் பலகை வாங்கும் அப்பாக்களுக்கும், பள்ளிக்கு வாங்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு அடிக்கோலையும் போட்டுக்கொண்டு போங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் மூலையை அளந்து பாருங்கள்.