யாக்கிசோபாவும் எங்க கோசும்

கோவையில வேலை பார்க்கிற அக்கா மகள் போன மாசம் ரெண்டு நாள் லீவுக்கு வந்திருந்தாள். பையில ஒரு சாஸ் பாட்டில், ஒரு நூடுல்ஸ் பாக்கெட். "மாமா, இன்னிக்கு ராத்திரி சமையல் என்னுது. யாக்கிசோபா"ன்னாள். ஜப்பான்காரங்க இரும்புக் கல்லுல வதக்குற நூடுல்ஸ். பாட்டில் மட்டும் 500 ரூபாய்க்கு மேல. கோஸ் மட்டும் வாங்கலை, மாமா காட்டுல இருக்குமேன்னு வந்துட்டாள்.

இருந்துச்சு. கிலோ 3 ரூபாய்க்குக் கேட்டாங்கன்னு வெட்டாம விட்ட கோஸ், முத்தி வெடிச்சுக் கிடந்தது. வெட்டுக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போனா கையை விட்டுத்தான் காசு போடணும்.

அதுல நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். மேல நாலு இலையைப் பிச்சுக் குப்பையில போட்டாள். மீதியில ஒரு கைப்பிடி மட்டும் தலைமுடி மாதிரி சீவினாள். ஏன் கண்ணு இத்தனூண்டுன்னு கேட்டேன். "இது சும்மா கலருக்கு மாமா. ருசியெல்லாம் சாஸ்லதான் இருக்கு."

அன்னிக்கு ஒண்ணும் பேசலை. இப்ப பேசுறேன், அவளுக்கு மட்டுமில்ல, இதே மாதிரி பாட்டிலைத் தேடி அலையுற எல்லாருக்கும்.

யாக்கிசோபான்னா கோஸ்தான் முதல் காய். கேரட், வெங்காயம், முளைகட்டின பயறு இருந்தாலும் இல்லாட்டியும் நடக்கும். கோஸ் இல்லாம ஜப்பான் வீடுகள்ல பெரும்பாலும் அதைச் செய்ய மாட்டாங்க. போருக்கு முன்னாடியே டோக்கியோ அசகுசா பக்கம் இருந்த சாப்பாடு, போர் முடிஞ்ச பஞ்சத்துல நாடெல்லாம் பரவினது. கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு, அதனால கோசைப் போட்டு அளவைக் கூட்டினாங்க, கோஸ் விட்ட தண்ணியில ருசி நீர்த்துப் போனதால காரமான சாஸை ஊத்தினாங்கன்னு அங்க ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் கதைப்படி பார்த்தா கோசுக்காகத்தான் சாஸே வந்தது. நாம தலைகீழா நிக்கிறோம்.

"அசல் யாக்கிசோபா"ன்னு இன்னொரு பேச்சு. எது அசல்? சோபான்னா பக்வீட் தானியம். யாக்கிசோபாவுல அது துளியும் கிடையாது, முழுக்கக் கோதுமை. யாக்கின்னா சுட்டது, வதக்கினது. ஆனா 1970கள்ல இருந்து அங்க விக்கிற கப் யாக்கிசோபாவுல வெந்நீரை ஊத்தி, மூணு நிமிஷம் கழிச்சு வடிச்சுட்டு சாஸைக் கலக்குறதோட சரி, வதக்குற வேலையே இல்லை. அதையும் யாக்கிசோபான்னுதான் அவங்களே சொல்லிச் சாப்பிடுறாங்க. ஷிசுவோகா மாநிலத்து ஃபுஜினோமியா ஊர்ல பன்றிக்கொழுப்பை உருக்கி எடுத்த பின்னாடி மிஞ்சுற சக்கையையும் மீன் தூளையும் போடுவாங்க. 2006ல் ஹச்சினோஹே நகரத்துல நடந்த முதல் பி-1 கிராண்ட் பிரி போட்டியில முதல் பரிசு அதுக்குத்தான். 2009ல் ஜெயிச்ச யொக்கொத்தே ஊர்க்காரங்க மேல ஒரு அரைவேக்காட்டு முட்டையை வச்சுக் கொடுக்கிறாங்க. ஊருக்கு ஊர் கையில என்ன இருந்ததோ அதுதான் அசல். நம்ம கையில இருக்கிறதைப் போட்டா மட்டும் எப்படிப் போலி ஆகும்?

அந்த பாட்டிலுக்குள்ள இருக்கிறதையும் பார்த்துடுவோம். இங்கிலாந்துல இருந்து போன வூஸ்டர் சாஸ்தான் அதுக்கு மூலம். இங்கிலாந்துக்காரன் அதுல போடுற ஒரு முக்கியமான சாமான் புளி. நம்ம புளிதாங்க! ஜப்பான்காரங்க அதைத் தங்க நாக்குக்குத் தகுந்த மாதிரி தக்காளி, வெங்காயம், ஆப்பிள் எல்லாம் போட்டு இனிப்பாக் கெட்டியாக்கினாங்க. ஹிரோஷிமாவுல பேர்போன ஒரு சாஸுல பேரீச்சம்பழம் கூட இருக்கு. தக்காளி, பேரீச்சை, கொஞ்சம் புளி, வெல்லம், வினிகர், ரெண்டு கிராம்பு, துண்டுப் பட்டை, மிளகு, சோயா சாஸ் ஒரு கரண்டி. கொதிக்க வச்சு அரைச்சு வடிகட்டினா முக்கால்வாசி வந்துடும். மீதிக் கால்வாசிக்கு 500 ரூபாய் கொடுக்கணும்னா கொடுங்க, உங்க காசு.

நூடுல்ஸும் அப்படித்தான். அங்க காரத்தண்ணி சேர்த்துப் பிசையுறதால மஞ்சளா, ரப்பர் மாதிரி துள்ளலா இருக்கும். நம்ம கடையில கிடைக்கிற சாதா கோதுமை நூடுல்ஸை, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்ட தண்ணியில முக்கால் வேக்காடு வேகவச்சு, அலசி, எண்ணெய் தடவி ஆற வச்சாப் போதும். சோடா கூடினா சோப்பு வாடை வரும்.

கோசுக்கு வருவோம். கையில தூக்கினா அளவுக்கு மீறின கனம் தெரியணும். அடித்தண்டு வெட்டின இடம் வெள்ளையா இருக்கணும். ரெண்டு கோசை உரசினா கீச்சுன்னு சத்தம் வரணும். மேல் இலை பச்சையா இருக்கிறதுலதான் வாசம், பூச்சி கடிச்ச ஓட்டை இருந்தாலும் கழுவிட்டுப் போடுங்க. சீவாதீங்க. ரெண்டு விரல் அகலத்துக்குத் துண்டு போடுங்க, தண்டை மெல்லிசா நறுக்குங்க. முதல்ல நூடுல்ஸை மட்டும் இரும்புச் சட்டியில அங்கங்க சிவக்க விட்டுத் தனியா எடுத்து வச்சுக்கணும். அப்புறம் தண்டு, பின்னாடி இலை, ஓரம் கருகுற அளவுக்கு நல்ல தீயில. உப்பை முன்னாடியே போட்டா தண்ணி விட்டு வெந்துடும். ரெண்டையும் சேர்த்த பின்னாடி கடைசியா சாஸ். ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு மேல செய்யாதீங்க, சட்டி குளிர்ந்தா எல்லாம் கஞ்சி. ஆளுக்குக் கால் கோஸ் போகும், நான் போட்டுப் பார்த்துட்டேன்.

எனக்கு ஆத்திரம் சமையல்ல இல்லை. ஜப்பான்காரன் பாட்டிலுக்குத் தர்ற மரியாதையை அவன் கோசுக்கு என்ன செய்யுறான்னும் பாருங்கன்னுதான் சொல்றேன். கும்மா மாநிலத்துல சுமாகொய்னு ஒரு மலைக்கிராமம், எங்க தாளவாடி மாதிரி குளுகுளுன்னு இருக்கும், கோடைக்கால கோசுக்குப் பேர்போனது. அங்கயும் விளைச்சல் கூடி விலை விழுறதும், டிராக்டரை விட்டு நசுக்குறதும் நடந்திருக்கு. ஆனா 1966லயே காய்கறிக்குன்னு ஒரு சட்டம் போட்டு, அரசாங்கமும் மாநிலமும் விவசாயியும் சேர்ந்து பணம் போட்ட நிதியில இருந்து, விலை குறிச்ச அளவுக்குக் கீழ போனா ஈடு கொடுக்கிறாங்க. அந்தப் பட்டியல்ல கோஸ் இருக்கு. இங்க நாத்து நட்டு 75, 80 நாள் அந்துப்பூச்சியோட மல்லுக்கட்டிட்டு, கடைசியில ரொட்டவேட்டர் வாடகையையும் நானே கொடுத்து ஓட்டினேன்.

அன்னிக்கு அவள் செஞ்சது நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி. ஊருக்குப் போறப்ப நாலு கோஸ் கட்டிக் கொடுத்தேன், பஸ்ல கனம்னு ரெண்டை வச்சுட்டுப் போயிட்டாள். பாட்டில் இன்னும் எங்க ஃபிரிட்ஜ் கதவுலதான் நிக்குது, பாதிக்கு மேல இருக்கு. அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போகச் சொல்லணும்.