குலுக்கல் குற்றமா?

பௌர்ணமி ராத்திரி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவல பஸ்ஸும் வேனும் வரிசை கட்டிப் போகின்றன. அந்த ரோட்டில், கோட்டையைத் தாண்டும்போது ஒருவருக்குத் தலையில் பலத்த அடி என்று வையுங்கள். செஞ்சியில் முதலுதவி. அப்புறம் 108-ல் முண்டியம்பாக்கம்.

அங்கே டாக்டர் வந்து, 'வழக்கமான வைத்தியம் எல்லாம் உண்டு. கூடவே ஒரு மருந்தையும் சோதிக்கிறோம். உங்க வீட்டுக்காரருக்கு அது கிடைக்குமா, வெறும் உப்புத் தண்ணியான்னு குலுக்கல்தான் முடிவு பண்ணும்' என்றால் என்ன செய்வீர்கள்? 'நாங்க என்ன எலியா?' என்று சட்டையைப் பிடிக்க மாட்டீர்கள்?

கோபம் நியாயம்தான். ஆனால், தப்பான அட்ரஸுக்குப் போகிறது!

தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போடுவது 30 வருஷத்துக்கு மேல் பல நாடுகளில் வழக்கம். வீக்கம் வடியும் என்று நம்பிக்கை. அதை யாரும் 'சோதனை' என்று சொல்லவில்லை. கடைசியில் 'க்ராஷ்' என்ற ஆய்வில் 10,008 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 21 சதவிகிதம் பேர் மரணம், போடாதவர்களில் 18. நூற்றுக்கு மூன்று உயிர் கூடுதலாகப் போயிருக்கிறது!

நான் படித்தது பி.காம். என் பாஷையில் சொன்னால், முப்பது வருஷம் கணக்கு எழுதாமலே கடை நடத்தியிருக்கிறார்கள். குலுக்கல்தான் ஒழுங்கான ஆடிட்.

டாக்டரே ஆள் பார்த்துக் கொடுத்தால் என்ன? பிழைக்கக்கூடியவருக்கு ஒன்று, மோசமானவருக்கு இன்னொன்று என்று போய்விடும். அப்புறம் காப்பாற்றியது மருந்தா, அவரது உடம்பா என்று யார் சொல்வது?

ஆடிட்டில் லாபமும் தெரியும். ரத்தப்போக்கை நிறுத்தும் ட்ரானெக்சாமிக் அமிலம் பழைய, மலிவான மருந்து. இந்தியா உள்பட 40 நாடுகளில் 20,211 பேரிடம் குலுக்கிப் பார்த்து, அது விபத்தில் உயிர் காக்கும் என்று 2010-ல் சொன்னார்கள். மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதும் அதே கணக்கில்தான் தெரிந்தது.

அதற்காகக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டுவது சம்மதம் அல்ல, மோசடி. தமிழில் சொல்லணும். முடியாது என்றாலும் வைத்தியம் குறையக்கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை என்கிறது 2019-ம் வருஷ விதி. அதையும் கேட்டு வாங்கணும்.

அடுத்த முறை, 'ஏன் குலுக்குறீங்க?' என்று சண்டை போடாதீர்கள். 'கணக்கை எப்போ காட்டுவீங்க?' என்று கேளுங்கள். குலுக்காமல் ஊசியோடு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள்!