பாக்கு நம் கையில். அறிவு எவர் மொழியில்?

மருத்துவ அறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் இன்றும் நம்மிடையே உளர். முயன்று தோற்றுச் சொல்கின்றனரோ எனின், இல்லை. முயலாமலே தோல்வியை ஒப்புக்கொண்டவர் அவர். அவர்தம் கூற்றைக் கடியதோர் அறிவுத்துறையில் வைத்தே உரைத்துப் பார்ப்போம். மூளையை அமர்த்தும் வேதிப்பொருள் எவ்வாறு இடம்பெயர்கின்றது? அப்போக்குவரவு கெடின் நேரும் நோய்கள் யாவை?

நரம்பணு ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடையே கண்ணுக்குப் புலனாகா இடுக்கு ஒன்றுண்டு. அவ்விடுக்கைக் கடந்து செய்தி சேர்ப்பன சில வேதிப்பொருள்கள். அவற்றுள் ஒரு சாரன கிளர்த்துவன. ஒரு சாரன அமர்த்துவன. கிளர்த்திகள் மட்டுமே இருப்பின் மூளை மதகில்லா ஏரியாகும். அமர்த்திகளுள் தலையாயது காபா. அது மூளையில் உள்ளமை 1950-இல் அறியப்பட்டது. தண்டுவடத்தில் கிளைசினும் அப்பணி செய்யும். பணி முடிந்த அமர்த்தியை இடுக்கினின்று மீண்டும் அணுவுக்குள் வாரிக்கொள்ளும் புரதங்கள் அணுத்தோலில் உள்ளன. சோடியம் உட்பாயும் விசையே அவற்றிற்கு உந்துதல். அவற்றை மீட்டேற்றி என்க.

இனி நோய்களைக் காண்போம். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று புண்ணுட் புகுந்து நஞ்சுமிழ, அந்நஞ்சு நரம்பின் வழியே தண்டுவடம் ஏறி, அமர்த்தும் அணுக்கள் கிளைசினையும் காபாவையும் வெளிவிடாதவாறு தடுக்கின்றது. தாடை பூட்டிக்கொள்வதும் முதுகு வில்லென வளைவதும் அதனாலேயே. இதுவே ஏற்புநோய். எட்டிக்கொட்டையின் நஞ்சோ, வெளிப்பட்ட கிளைசினை அடுத்த அணு ஏற்காதவாறு வாயிலடைக்கின்றது. விளைவு ஏறத்தாழ அதுவே. கிளைசின் மீட்டேற்றி ஒன்று பிறவியிலேயே பழுதுறின், சிற்றொலிக்கும் குழந்தை திடுக்கிட்டு விறைக்கும் என்பது 2006-இல் தெளியப்பட்டது. காபா மீட்டேற்றியின் மரபணுப் பழுது குழந்தைகட்கு ஒருவகை வலிப்பு தருதல் 2015-இல் வெளிப்பட்டது. அமர்த்தி கூடினாலும் இடர், குறைந்தாலும் இடர்.

இவ்விடத்துத் தமிழர் நெஞ்சிற் பதிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1975-இல் ஆத்திரேலிய அறிஞர் சான்சுடனும் தென்மார்க்கு அறிஞர் குரோக்சுகார்டு லார்சனும் உடனுழைத்தோரும், கொட்டைப்பாக்கிலுள்ள கூவாசின் என்னும் பொருள் காபா மீட்டேற்றியைத் தடுத்தலை வெளிப்படுத்தினர். அவ்வழியே தொடர்ந்த ஆய்வின் பயனாகத் தென்மார்க்கில் உருவானதே தைகாபின் என்னும் வலிப்பு மருந்து. 1997-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. மீட்டேற்றியை அது அடைப்பதால் காபா இடுக்கில் நெடிது நிற்கும். ஒரு பகுதியில் மூளும் வலிப்பு தணியும். வேறு சில வலிப்புகளையோ அது மிகைப்படுத்தவும் கூடும்.

பாக்கை மெல்லுதல் மருந்தென எவரும் கொள்ளற்க. பாக்கு புற்றுநோய் விளைப்பதென உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்துள்ளது. யாம் சொல்வது வேறு. மேலைமொழிகளில் பாக்கிற்கு வழங்கும் 'அரிக்கா' என்னும் பெயர் அடைக்காய் என்னும் நம் சொல்லின் திரிபன்றோ? அடைக்காய் நம் கையில், பெயரும் நம்முடையது, அறிவோ ஆங்கிலத்தில். வெற்றிலைத் தட்டின் முன்னமர்ந்திருக்கும் சிற்றூர்ப் பாட்டிக்கு அதனை உரைப்பார் யார்?

உரைப்பார் இன்மையால் விளைந்த கேடு சிறிதன்று. வகுப்பறையில் ஒரு சிறுவன் வலிப்புற்று வீழ்ந்தால், சுற்றி நிற்போர் திறவுகோலைத் தேடி ஓடுகின்றனர். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமையத்தில் தானே அடங்கும். அப்புகழை இரும்பு தட்டிக்கொள்கிறது. செய்யத்தக்கது, அவனை ஒருக்களித்துக் கிடத்துதல். வாயில் எதனையும் திணியாமை. ஐந்து நிமையம் கடப்பின் மருத்துவமனை சேர்த்தல். பேய் என்று ஓட்டுவதும், பிறர்க்குத் தெரியாமல் மறைப்பதும், மருந்தைத் திடுமென நிறுத்துவதும் உயிர்க்கே உலை. வலிப்பைக் கரணியமாக்கித் திருமணத்தை முறிக்க இடந்தந்த சட்டக்கூறு 1999-இல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியது, திண்ணைப் பேச்சு திருந்தியதா? வலிப்பு என்பது மூளை மின்னோட்டத்தின் தடுமாற்றமே என்னும் ஒரு வரியைத் தாய்மொழியில் மருத்துவர் பொறுமையாகச் சொல்லியிருப்பின் எத்துணைப் பெண்களின் வாழ்வு தழைத்திருக்கும்!

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் நின்று இதனை எண்ணுதல் பொருத்தமுடைத்து. இவ்வூர் ஈன்ற இராமசாமியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாநில ஆட்சித் தலைமை பூண்டவர். அவர்தம் அமைச்சரவையில் கல்வியமைச்சராயிருந்த அவினாசிலிங்கனார் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியே கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கினார். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. எல்லாக் கலையும் தமிழில் இயலும் என்பதற்கு அவையே சான்று. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதா? இன்று ஓமந்தூரார் பெயர் தாங்கிய தோட்டத்தில் 2014 முதல் அரசின் பன்னோக்கு உயர்மருத்துவமனை நிற்கின்றது. பெயர் தமிழூரின் பெயர். அம்மருத்துவர்க்கு வாய்த்த கல்வியோ இன்றும் ஆங்கிலக் கல்வியே.

நம்மவர்க்கும் ஒரு சொல். கலைச்சொல் ஆக்குவதோடு கடமை முடிந்ததென்று இருப்பாரை யாம் ஒப்பேம். மீட்டேற்றி என்னும் சொல்லை ஆக்கினால் மட்டும் போதாது. அஃது என்ன செய்கின்றது என்பதை ஓர் உழவனுக்கு விளங்கச் சொல்லல் வேண்டும். விளக்காத சொல் பூட்டிய பெட்டி.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று: மருந்துப் பெட்டியுள் தமிழ்க் குறிப்பு, நோயாளர்க்குத் தமிழில் எழுதிய நோய்விளக்கம், மருத்துவக் கல்லூரியில் தமிழ்வழி வகுப்பு. இவை மொழிக்கு இடும் அணிகலன் அல்ல, உயிர்காக்கும் கருவி. இவ்வளவும் தமிழிலேயே படித்தீர். எவ்விடத்துத் தமிழ் தடுக்கி வீழ்ந்தது? இயலாது என்பார் அவ்விடத்தைச் சுட்டட்டும். சுட்ட இயலாராயின் வழிவிடட்டும்.