செங்கல்லுக்குக் கோடி, ஆய்வுக்கு எவ்வளவு?

சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று கண்ணில் படும். விக்டோரியா பப்ளிக் ஹால். சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபா இங்கேதான் நாடகம் போட்டது. பல காலம் பூட்டிக் கிடந்த அரங்கைக் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். நல்லது. அந்தக் காசில் நூறில் ஒரு பங்காவது அதன் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்குப் போகுமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் காலத்து நாடகத் துண்டறிக்கைகளில் டிக்கெட் விலையோடு ஒரு வரியும் அச்சாகும்: பஞ்சமர்களுக்கு இடமில்லை. கையில் காசு இருந்தாலும் இல்லை. சினிமாக் கொட்டகை வந்த பிறகே தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள் என்று கா. சிவத்தம்பி எழுதினார். (அங்கேயும் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் உண்டு. அது தனிக் கதை.) இதே சென்னையில்தான் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய சமூகத்துக்கு நாடகம் பார்க்க மட்டும் ஆசை இல்லாமலா போயிருக்கும்?

பம்மல் 'நாடகமேடை நினைவுகள்' எழுதினார். அதனால் படித்த பெரிய மனிதர்கள் வேஷம் கட்டிய கதை நமக்குத் தெரிகிறது. செங்கல் சுமந்த பெண்ணும் திரை இழுத்தவரும் அரங்கைக் கூட்டியவரும் நினைவுக் குறிப்பு எழுதவில்லை. அவர்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும், பெரியமேடு, புளியந்தோப்புப் பாட்டிகளின் நினைவிலும்தான் தேட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, ஜெராக்ஸ், அறை வாடகை. இதெல்லாம் வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் அரங்க வரலாறு எழுதியிருக்கிறார்கள்.

நம்மை வாசலில் நிறுத்திய மேடை நமக்கு எதற்கு, பறையும் கூத்தும் போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கோபம் நியாயம். ஆனால் நாம் விலகினால், அந்தத் துண்டறிக்கை வரி இல்லாமலேயே அரங்கின் வரலாறு எழுதப்படும். நாட்டுப்புறப் பாட்டோடு வளர்ந்த கே.ஏ. குணசேகரன் நவீன மேடையை அவர்களுக்கே விட்டுவிடவில்லை; 'பலி ஆடுகள்' எழுதினார். அனுமதி மறுக்கப்பட்டவர்களைப் பற்றிய நாடகம் அந்த ஹாலுக்குள்ளேயே அரங்கேற வேண்டும். எழுதுகிறவருக்குச் சம்பளம், குழுவுக்கு வாடகை விலக்கு. ஆய்வு மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. 'பில்லைக் கொடுங்கள், பிறகு தருகிறோம்' என்ற பேச்சு வேண்டாம். தேர்வுக் குழுவில் சபாக்காரர்கள் மட்டும் இருக்கக் கூடாது.

முதலில் மாநகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அரங்கின் வரலாற்று ஆய்வுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? ஒரு நாள் வாடகை என்ன? சலுகை யாருக்கு? கட்டணம் பத்து ரூபாய்தான். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.