ஒட்ட ஒட்ட எழும்பும் தரை ஜாயின்ட்

வாடகை வீடு, தையல் கடை, டியூஷன் சென்டர்... பல இடங்களில் இப்போது தரையில் வினைல் ஷீட்தான். மரம் மாதிரி, மார்பிள் மாதிரி டிசைன், விலையும் குறைவு. ஒட்டின புதிதில் அழகாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு ஷீட் சேரும் ஜாயின்ட்டில் ஓரம் மெல்ல எழும்பும். உடனே வைத்தியம் ஆரம்பம். முதலில் ஃபெவிக்விக், அடுத்து டேப், கடைசியில் மேலே ஒரு மிதியடி!

இது பலிக்காது. கோளாறு மேலே இல்லை, அடியில் இருக்கிறது.

ஃபெவிக்விக் வகைப் பசை காய்ந்ததும் இறுகிவிடும். வினைலோ ஒவ்வொரு மிதிக்கும் வளையும். வளையாத பசை விட்டுப்போகும். தவிர, ஓரத்தின் அடியில் மண்ணும் பழைய பசையும் படிந்திருக்கும். புதுப் பசை அந்த மண்ணைத்தான் பிடிக்கிறது, தரையை அல்ல.

எல்லாவற்றுக்கும் மேல் ஈரம். தரைத்தளத்தில் மண்ணின் ஈரம் சிமென்ட் வழியாக மேலே ஏறும். வினைல் அதை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் பசையை இளக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். ஷீட்டை விலக்கி, வெறும் தரையில் ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். அடியில் நீர்த்துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தத் தரைக்கு முதலில் ஈரத்தடுப்புப் பூச்சு. அதுவரை எந்தப் பசையும் வீண்.

தரை காய்ந்திருந்தால் வேலை சுலபம். ஹேர் டிரையர் சூட்டில் ஓரத்தை இளக்கித் தூக்கி, பழைய பசையைச் சுரண்டி, தூசியைத் துடைக்க வேண்டும். வினைலுக்கான பசை என்று கேட்டு வாங்குவது முக்கியம். வினைலை வளையவைக்கும் எண்ணெய் சில ரப்பர் பசைகளை இளக்கிவிடும். டின்னில் போட்டிருக்கும் நேரம் பொறுத்து, ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டி, ஒரு நாள் கனம் வைத்தால் நிற்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

செலவு யாருடையது? இங்கேதான் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் பஞ்சாயத்து. "நீங்க தண்ணி ஊத்தித் துடைச்சீங்க" என்று சொல்லி அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது எளிது. தரையிலிருந்து ஏறும் ஈரம் கட்டடத்தின் குறை. அதற்குக் குடித்தனக்காரர் பணம் கட்டுவது நியாயமே இல்லை. தரை காய்ந்திருந்து, வாளித் தண்ணீர் ஜாயின்ட்டில் இறங்கியதால் எழும்பியிருந்தால் செலவு குடித்தனக்காரருடையது. சண்டையைத் தீர்க்க அந்தப் பாலிதீன் தாளே சாட்சி. இருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

பஞ்சாயத்து முடியும்வரை அந்த ஓரம் காத்திருக்காது. இரவில் பாத்ரூம் போகும் தாத்தாவின் கால் அதில் தடுக்கினால், ஆஸ்பத்திரி பில் எந்தப் பசையின் விலையையும் தாண்டிவிடும். பசை வாங்கப் போகும் முன் ஒரு பாலிதீன் தாளை ஒட்டிப் பார்க்கலாமே!